எலோதி கொடுக்காத பெயர்

ஒரு காலத்தில் பிரெஞ்சு தேசத்தில் நாவல் என்றொரு சீமாட்டி இருந்தாள். அவள் வீட்டில் எலோதி என்ற பெண் பல நூறு ஆண்டுகளாக வேலை பார்த்தாள். நாவல் சொல்லும் கதைகளுக்குள் போய் வாழ்ந்து சாவதுதான் வேலை.

முதலில் கதையைப் பாட்டாகச் சொன்னாள் நாவல். எலோதி கோபுரத்தில் அடைபட்ட இளவரசி. அவளுக்காக வீரர்கள் வெட்டிக்கொண்டு மடிந்தார்கள். பாட்டு அலுத்ததும், "மனசில் இருப்பதைக் கடிதமாக எழுது" என்றாள். யாரிடமும் சொல்லாததையெல்லாம் எலோதி எழுதினாள். ஊரே படித்தது.

பிறகு செய்தித்தாள் வந்தது. தினம் ஒரு துண்டு கதை. இன்று ஆற்றில் தள்ளப்பட்டால், நாளைய தாள் வரும்வரை எலோதி மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே கிடப்பாள்.

அப்புறம் நாவலுக்கு உண்மை மேல் பைத்தியம் பிடித்தது. எலோதியின் இருமல், திரைச்சீலை, செருப்பின் ஓட்டை எதையும் விடவில்லை. இருபது பக்கம் காய்ச்சலில் கிடத்திச் சாகவிட்டாள். எலோதி பொறுத்துக்கொண்டாள். யாரோ முகம் தெரியாதவர்கள் அவளுக்காக அழுதார்களே, அது போதும்.

உலகப் போர்கள் இரண்டும் முடிந்தபின் ஒரு மத்தியானம் நாவல் கூப்பிட்டாள். அறையில் ஒரு நாற்காலி மட்டும் இருந்தது.

"உன் முகத்தைக் கழற்றிக் கொடு."

கொடுத்தாள்.

"பெயரையும்."

"பெயர் இல்லாவிட்டால் எனக்காக யார் அழுவார்கள்?"

"அழுததெல்லாம் போதும். இனி பயப்படட்டும். கதைக்கு ஆள் வேண்டாம், நாற்காலியே போதும்."

எலோதி பெயரைக் கொடுக்கவில்லை. திறந்திருந்த ஒரு புத்தகப் பக்கத்தின் வழியாகக் கதைக்கு வெளியே ஓடினாள்.

அது லியோன் நகரத்தில் ஒரு தபால் நிலையம். சாப்பாட்டு இடைவேளை. இரேன் என்ற எழுத்தர் பின்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து தனியாக அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என் பெயர் எலோதி. ஒருமுறை சொல்லுங்கள். நீங்கள் சொல்லிவிட்டால் அவளால் பறிக்க முடியாது."

இரேன் திரும்பவில்லை. அவள் கையிலிருந்த பக்கத்தில் இப்படி இருந்தது: 'மத்தியானம். நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். உனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள்.'

"கொஞ்சம் இருங்கள்," என்றாள் இரேன், கண்ணை எடுக்காமல். "இந்தப் பக்கத்தை முடித்துவிடுகிறேன்."

பக்கம் புரண்டது. இரேனின் நாற்காலி காலியாக இருந்தது.

எலோதி கீழே விழுந்த புத்தகத்தை எடுத்துக் காதில் வைத்தாள். உள்ளே எங்கோ ஆழத்தில் யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மெல்ல நினைவு வந்தது. ஒரு காலத்தில் அவளும் சந்தைக்குப் போகிற வழியில், பாடகன் ஒருவனின் முன்னால் நின்று, இந்த ஒரு அடி முடியட்டும், போகலாம் என்றுதான் நினைத்தாள்.

தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஒரு முகம் இருந்தது, இன்னும் சூடாக.

"இரேன், ஆட்கள் காத்திருக்கிறார்கள்," என்று வெளியே குரல் கேட்டது.

"இதோ வருகிறேன்," என்றாள் எலோதி.