எதிர்ச்சுவர்

மலை மேலிருந்த அந்த மடத்துக்குப் பரஞ்சோதி வந்து சேர்ந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. குருவான ஞானம்மையார் அவரைவிட இளையவர். மனைவி பாக்கியம் இறந்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல்தான் அவர் மலையேறினார். மலையேறிவிட்டால் மட்டும் இருப்புக் கொண்டுவிடுமா என்ன.

ஒரு மாலை, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மையார் முன் வந்து நின்றார்.

"நான் கிளம்புறேன்மா."

"எங்க?"

"தெரியல. போக்கிடம்னு ஒண்ணும் இல்ல. ஆனா அந்த அறையில முடியல. படுத்தா எதிர்ச்சுவர் நெஞ்சு மேல வந்து நிக்குது."

பையைத் தோளிலிருந்து இறக்காமலே தொடர்ந்தார்.

"பாக்கியம் போனதுகூட அப்படித்தான் நிக்குது. வருஷம் மூணாச்சு, நேத்து மாதிரி இருக்கு. அது எப்பம்மா தள்ளிப் போகும்?"

அன்று முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அம்மையாருக்கு அலுத்துப் போயிருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பரஞ்சோதியின் அறையைப் போய்ப் பார்த்தார்.

எல்லா அறையிலும் எதிர்ச்சுவருக்குக் காவி அடிப்பது அந்த மடத்து வழக்கம். காவியைப் பார்த்துக்கொண்டே படுத்தால் பற்று விடும் என்று யாரோ எப்போதோ நினைத்திருக்க வேண்டும். பரஞ்சோதிக்கு மூச்சுத்தான் முட்டியது.

"நாளைக்குப் போகலாம். காலையில இந்தச் சுவருக்கு வெள்ளையடிங்க. சுண்ணாம்புல சொட்டு நீலம் கொஞ்சம் தாராளமாவே ஊத்துங்க."

போகிறவனுக்கு எதற்கு இந்த வேலை என்று பரஞ்சோதிக்கு எரிச்சல். ஆனாலும் விடிந்ததும் வெள்ளையடிக்கும் மட்டையை எடுத்தார். காவி மறையும்வரை பூசினார். கை வலித்தது.

மத்தியானம் சுவர் காய்ந்திருந்தது. வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சுவர் பின்னால் போயிருந்தது. வெளிறிய நீலத்தில் எங்கோ தள்ளி, மழை விட்ட வானம்போல இருந்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு நெஞ்சு லேசானது.

கொஞ்சம் படுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தார். இடம்தான் நிறைய இருக்கிறதே என்று பாயைச் சுவர்ப் பக்கமாகத் தாராளமாகத் தள்ளி விரித்தார். காலை நீட்டினார். சுவரில் இடித்து, கட்டைவிரல் நகம் பெயர்ந்தது.

நொண்டிக்கொண்டே அம்மையாரிடம் போனார்.

"சுவர் தள்ளிப் போயிருச்சுன்னு நினைச்சேன்மா."

"போகல."

"காவி இருந்தப்ப கிட்ட வந்துச்சே."

"வரவும் இல்ல."

அம்மையார் மஞ்சளைக் குழைத்து விரலில் வைத்து, துணியைச் சுற்றினார். எரிச்சலில் பரஞ்சோதிக்குக் கண் கலங்கியது. நகத்துக்கு மட்டும் கலங்கியதாகத் தெரியவில்லை.

"அப்ப நீலம் எதுக்கும்மா?"

"மூச்சு விட."

பரஞ்சோதி விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாக்கியம் போனது... அதுவும் தள்ளிப் போகாதா?"

அம்மையார் துணியை முடிச்சுப் போட்டார். அவருடைய கால் கட்டைவிரலிலும் நகம் பெயர்ந்து வளர்ந்த பழைய வடு இருந்ததை அப்போதுதான் பரஞ்சோதி கவனித்தார்.

"போகாது. பாயைச் சுவரை விட்டுக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுப் படுங்க."