பின்வாசலைக் காட்டிக்கொடுத்த முயல்

கல்குருசு என்ற கல் சிலுவை நிற்கும் குன்றின் அடியில் ஒரு முள்ளம்பன்றியும் ஒரு முயலும் ஒரே வளையில் குடியிருந்தார்கள். முள்ளம்பன்றியின் பெயர் சவரி. முயலின் பெயர் இஞ்ஞாசி. சவரி பகலில் தூங்குவான். முள் நிறைந்த முதுகை முன்வாசல் பக்கம் வைத்து, முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொள்வான். அந்த வாசலில் மூக்கை நுழைக்க எந்த நரிக்கும் துணிச்சல் கிடையாது.

வளைக்குப் பின்வாசல் ஒன்றும் உண்டு. காரைப்புதருக்குள் மறைந்திருக்கும். அது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

ஒரு நாள் நரி இஞ்ஞாசியை வழிமறித்தது.

"பயப்படாதே தம்பி. கீழே கொள்ளுக்காடு பச்சைப்பசேல்னு கிடக்கு. தினமும் போய் மேஞ்சுக்க, நான் உன் பக்கமே வரமாட்டேன். சவரியோட முகம் இருக்கிற பக்கம் எப்படிப் போறதுன்னு மட்டும் சொல்லு."

"அவன் என் சிநேகிதன்" என்றான் இஞ்ஞாசி.

"கொள்ளு இப்பதான் பிஞ்சு விட்டிருக்கு" என்றது நரி.

இஞ்ஞாசி காரைப்புதரைக் காட்டினான்.

மறுநாள் நண்பகலில் சவரி கண் விழிப்பதற்குள் நரியின் பல் அவன் காதில் இறங்கிவிட்டது. குறுகலான வளையில் திரும்ப இடமில்லை. அவன் போட்ட சத்தம், பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த ரோசம்மா என்ற கவுதாரிக்குக் கேட்டது. அவள் ஓடிவந்தாள். புதருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நரியின் வாலை ஒரே கொத்தாகக் கொத்தினாள். நரி வாயைத் திறந்து ஊளையிட்டது. அந்த நேரத்தில் சவரி பின்னாலேயே நகர்ந்து முன்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டான். சுற்றி ஓடிவந்த நரிக்கு முன்காலில் நாலு முள் கிடைத்தது. சவரிக்குப் பாதிக் காது போயிற்று.

"அந்த வாசல் அதுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டாள் ரோசம்மா.

அன்று இஞ்ஞாசி வீடு திரும்பவில்லை. வேறு பதில் வேண்டியிருக்கவில்லை.

நரி கொள்ளுக்காடு பற்றிச் சொன்ன சொல்லையும் காப்பாற்றவில்லை. இரண்டாம் நாளே இஞ்ஞாசியைத் துரத்தியது. அவன் புதர் புதராக ஒளிந்து, எலும்பும் தோலுமாகிவிட்டான்.

ஞாயிறுதோறும் விடியலில் காட்டுப் பிராணிகள் கல்குருசடியில் கூடி ஜெபம் சொல்லும். சவரியின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்கும். ஆனால் பிறர் செய்த குற்றத்தை மன்னிக்கிறோம் என்று சொல்லும் இடம் வந்ததும் அவன் வாய் மூடிக்கொள்ளும்.

"தம்பி, அந்த இடத்துல மட்டும் சத்தம் வரலையே?" என்றாள் ரோசம்மா.

"தொண்டை கட்டிக்கிச்சு அக்கா."

"மூணு வாரமா அதே இடத்துலயா கட்டுது?"

சவரி தரையைப் பார்த்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

குருசடியில் அசனம் வந்தது. எல்லோரும் ஆளுக்கொன்று கொண்டுவந்து பந்தியில் சேர்ந்து உண்ணும் நாள். சவரி கிழங்குகளை வாசலில் குவித்துக்கொண்டிருந்தான். அப்போது இஞ்ஞாசி தலைதெறிக்க ஓடிவந்தான். பின்னாலேயே நரி. நேராக வளைக்குள் பாய்ந்திருந்தால் அவன் தப்பியிருப்பான். சவரியைக் கண்டதும் சட்டென்று திரும்பினான்.

"உள்ளே போயிரு சவரி, நரி வருது!" என்று கத்திவிட்டு, ஒளிய இடமே இல்லாத வெறும்பாறைப் பக்கம் ஓடினான்.

சவரிக்குக் காது வலித்தது. நரி தன் வேலையைப் பார்க்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு அவனுக்கே பிடிக்கவில்லை. கிழங்கைப் போட்டுவிட்டு ஓடி, முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வழியின் குறுக்கே முதுகைக் காட்டி நின்றான். நரி தன் முன்காலை ஒருமுறை பார்த்தது. வந்த வழியே போய்விட்டது.

இஞ்ஞாசி மெல்ல அருகில் வந்தான். "நான்தான் காட்டிக்கொடுத்தேன். நாலு வாய் கொள்ளுக்காக."

"தெரியும்."

"என்னை மன்னிப்பியா?"

"மன்னிச்சுட்டேன். அசனத்துக்கு வா."

"உன் முள்ளெல்லாம் எழுந்து நிக்குதே."

சவரி திரும்பிப் பார்த்தான். உண்மைதான். ஒன்றுகூடப் படுக்கவில்லை.

"நான் மன்னிச்சுட்டேன். அதுங்க என் பேச்சைக் கேட்கக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் ரெண்டடி தள்ளியே நட" என்றான்.

பந்தியில் இஞ்ஞாசியைக் கண்டதும் அணில்கள் முணுமுணுத்தன. "துரோகிக்கும் இலை போடணுமா?"

"என் பக்கத்துல போடுங்க" என்றான் சவரி. "ரெண்டடி தள்ளி."

ரோசம்மா சிரித்துக்கொண்டே இலையைப் போட்டாள். இஞ்ஞாசிக்குக் கண்ணீர் வழிந்தது. சவரி ஒரு கிழங்கை அவன் பக்கம் தள்ளினான். "முதல்ல சாப்பிடு. வயிறு நிறைஞ்சப்புறம் எவ்வளவு வேணும்னாலும் அழுதுக்கோ."

இரண்டடி, அடுத்த மாதம் ஓரடியானது. மழைக்காலம் தொடங்கியபோது இருவரும் ஒட்டிக்கொண்டு தூங்கினார்கள். ஒரு முள்ளும் குத்தவில்லை.

தம்மைக் காட்டிக்கொடுத்தவனுக்கும் தம் கடைசிப் பந்தியில் இடம் வைத்தவர் நம் ஆண்டவர் என்பதால், அவருடைய பிள்ளைகள், மனம் ஆறட்டும் என்று காத்திராமல் முதலில் மன்னித்துவிட வேண்டும், மனம் பின்னால் ஆறிக்கொள்ளும்.