மதியத் தூக்கமும் காசுச் சுவரும்

அத்திமேட்டில் முட்டாள்களே கிடையாது என்று எங்கள் ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் எங்கள் தெருவில் குடியிருப்பவர்கள் இல்லை.

எதிர்வீட்டு ஞானசிகாமணி கூட்டுறவுச் சங்கத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அவருக்கு அறிவு கம்மி என்று நான் சொல்ல மாட்டேன். பெயரிலேயே மொத்தத்தையும் வைத்துவிட்டதால் தலைக்கு மிச்சமில்லை, அவ்வளவுதான். அவருக்கு இரண்டு சிநேகிதர்கள். பஞ்சர் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்ட பூவராகன் ஒருவர். சிமெண்ட் குடோனில் காலம் தள்ளிய லூர்துசாமி இன்னொருவர். மூவரும் சேர்ந்து ஞானசிகாமணி வீட்டு முன்னறையில் ஒரு ப்ளாக் நடத்தினார்கள். பெயர் 'கண்ணயர்'. விஷயம், மதியத் தூக்கம்.

பாயா கட்டிலா, மோருக்கு முன்பா பின்பா, ஃபேன் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதினார்கள். எழுதுவதற்கு முன்னால் ஆராய்ச்சி செய்ய வேண்டும் இல்லையா? செய்தார்கள். சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்து, சாயங்காலக் காபி வரும்வரை வாயைத் திறந்துகொண்டு செய்தார்கள். குறட்டை என் வீட்டு ஹால்வரை கேட்கும்.

ஞானசிகாமணியின் மனைவி மங்களேஸ்வரி இட்லி மாவு அரைத்து விற்கிறாள். கிரைண்டர் சமையலறையில் இருந்தது. மாவு வாங்க வருகிறவர்கள் பக்கத்துச் சந்தில் நுழைந்து, கொடியில் காயும் துணிக்குக் குனிந்து, சாக்கடையைத் தாண்டிப் போக வேண்டும். முன்னறை மட்டும் கிடைத்தால் தெருவைப் பார்த்து வியாபாரம். ஆனி மாதம் ஒருநாள் அவள் பொறுமை தீர்ந்தது. எனக்கு அது என்றோ தீர்ந்திருக்கும்.

"ஏங்க, ஆடி பிறக்கறதுக்குள்ள உங்க ப்ளாகால ஒரே ஒரு ரூபாயாவது என் கைக்கு வரணும். வந்தா ரூம் உங்களுக்கு. வரலைன்னா என் கிரைண்டருக்கு. நீங்க மூணு பேரும் மொட்டை மாடியில போய்ப் படுங்க."

"நாங்க எங்க அண்ணி படுக்கறோம்?" என்றார் பூவராகன், மனம் புண்பட்டு. "எழுதறோம்."

"சரி, மொட்டை மாடியில போய் எழுதுங்க."

எங்கள் ஊர் மொட்டை மாடியில் மதிய வெயிலில் எண்ணெய் இல்லாமலே அப்பளம் பொரியும். மூவரும் அன்றைக்கே ஒரு விளம்பரக் கம்பெனிக்கு எழுதிப் போட்டார்கள். பதில் ஆங்கிலத்தில் வந்தது. ஆங்கிலம் வந்தால் என் வீட்டுக்கு வருவார்கள். கான்வென்ட்டில் படித்தவள் என்பதற்காக என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவார்கள். நான் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. கீழே வருவதைப் படித்தால் உங்களுக்கே அது விளங்கும்.

"என்ன டீச்சரம்மா போட்டிருக்கான்?"

குக்கர் கத்திக்கொண்டிருந்தது. "ட்ராஃபிக் இல்லையாம். ட்ராஃபிக் இருந்தாத்தான் விளம்பரமாம்."

"எவ்வளவு வேணுமாம்?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு." ட்ராஃபிக் என்றால் ப்ளாகுக்கு வந்து படிக்கிற கூட்டம் என்று விளக்காமல், கதவைச் சாத்திவிட்டு அடுப்பை அணைக்க ஓடினேன்.

மறுநாள் காலை கடைத்தெரு முனையில் பூவராகன் தன் மொபெட்டைக் குறுக்கே நிறுத்தினார். அது போதாது என்று லூர்துசாமி ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார். ஞானசிகாமணி செல்போனோடு மதகின்மேல் ஏறி நின்றார். டவுன் பஸ் நின்றது. அதற்குப் பின்னால் தண்ணீர் லாரி. அதற்கும் பின்னால் ஒரு கல்யாண வேன்.

கண்டக்டர் இறங்கி வந்தார். "யோவ், ஏன்யா நடுவுல நிறுத்தியிருக்க? ரிப்பேரா?"

"இல்லைங்க," என்றார் பூவராகன். "வெப்சைட்."

போலீஸ்காரர் மொபெட்டை ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார். இவர்கள் 'எங்கள் ட்ராஃபிக், முன்புறத் தோற்றம்' என்று எழுதிப் போட்டோவைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். பழைய பதிலே திரும்ப வந்தது.

"இன்னமும் இல்லைங்கறானா?" ஞானசிகாமணிக்குத் தாங்கவில்லை. "கல்யாண வேனே நின்னுச்சே டீச்சரம்மா! உள்ள மாப்பிள்ளையே இருந்தார்!"

அன்று எனக்கு ரேஷன் கடைக்குப் போகிற அவசரம். "விளம்பரத்தை விடுங்க. பாய், தலகாணி விக்கிற கடையைக் கைகாட்டி விடுங்க. ஆள் போய் வாங்கினா கடைக்காரர் கமிஷன் தருவார். ப்ளாக் எழுதறவங்க பாதிப் பேர் இப்படித்தான் சம்பாதிக்கறாங்க" என்று நடந்துகொண்டே சொன்னேன்.

நான் ரேஷன் கடையிலிருந்து திரும்பும்போது லூர்துசாமி பஸ் ஸ்டாண்டில் நின்று, சுலைமான் மெத்தைக் கடையை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். பேசவில்லை. கைகாட்டத்தானே சொன்னேன்? தாலுகா ஆபீஸ் எங்கே என்று கேட்டவர்களுக்கும் அதே கை. கழிப்பறை எங்கே என்று கேட்டவர்களுக்கும் அதே கை.

கொஞ்ச நேரத்தில் சுலைமான் பாய் மூச்சிரைக்க வந்தார். "ஏன்யா, என் கடைக்குள்ள ஓடி வர்றவன் எல்லாம் வேட்டியைத் தூக்கிக்கிட்டே வர்றான்! உனக்கு என்ன வேணும்?"

"கமிஷன்."

பஞ்செல்லாம் ஒரு மூலைக்குப் போய்விட்ட ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்து, கையை மடக்கிவிட்டுப் போனார் பாய்.

பிறகு காபி. படிக்கிறவர்களிடம் 'எங்களுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்' என்று கேட்கலாம், பிரியப்பட்டவர்கள் பணம் போடுவார்கள் என்று நான் சொன்னதில் முதல் பாதி மட்டும் அவர்கள் காதில் விழுந்தது. கண்ணயருக்கு இருந்த ஒரே வாசகர் லூர்துசாமியின் மைத்துனர், ஓசூரில். 'தாராளமா வாங்க' என்று அவர் பதில் போட்டார். மூவரும் பஸ் பிடித்து ஓசூர் போய், காபி குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

"வருமானம் வந்துச்சா?" என்று கேட்டாள் மங்களேஸ்வரி.

"வந்துச்சு," என்றார் ஞானசிகாமணி. "டிகிரி காபி."

"என் கையில ஒண்ணையும் காணோமே?"

"குடிச்சுட்டோமே, மங்களம்."

ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. மங்களேஸ்வரி முன்னறையில் கிரைண்டருக்கு இடம் அளந்து சாக்பீஸால் கோடு போட்டுவிட்டாள். கோடு சரியாக ஞானசிகாமணி தலை வைக்கும் இடத்தில் விழுந்திருந்தது. அந்தக் கோட்டைச் சுற்றி உட்கார்ந்து மூவரும் ஆலோசனை செய்தார்கள். நான் மாவு வாங்கப் போனவள், கேட்டுத் தொலைத்தேன்.

"ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாப்போம்," என்றார் பூவராகன். "ட்ராஃபிக்ல என் மொபெட் போச்சு."

"கைகாட்டினதுல என் தோள்பட்டை போச்சு," என்றார் லூர்துசாமி.

"காபியில?"

"மத்தியானத் தூக்கம் போச்சு. பஸ்ல உக்காந்தே வந்தோம்."

"அப்போ எதுதான் லாபம்?"

ரொம்ப நேரம் யோசித்தார்கள். யோசனையில் லூர்துசாமி இரண்டு தடவை சாய்ந்தார்.

"கைகாட்டறதுதான்," என்றார் ஞானசிகாமணி கடைசியில். "அதுல தலகாணி நின்னுச்சு."

"அந்தத் தலகாணியை அண்ணி கையில கொடுத்துட்டா?"

"அவ ரூபான்னு சொன்னா. தலகாணின்னு சொல்லலை."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தூக்குச்சட்டியை மூடிக்கொண்டே, "பே வால்னு ஒண்ணு உண்டு. காசுச் சுவர்னு வெச்சுக்கோங்க. பணம் கட்டினவங்களுக்கு மட்டும்தான் உள்ள அனுமதி. கட்டாதவன் வெளியே நின்னு தலைப்பை மட்டும் படிச்சுட்டுப் போகவேண்டியதுதான்" என்றேன்.

லூர்துசாமி எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "சுவரா? டீச்சரம்மா, இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

மறுநாள் மங்களேஸ்வரி தங்கை மகள் வளைகாப்புக்குப் போனாள். கொல்லையில் காம்பவுண்டுக்கு வாங்கி மிஞ்சிய செங்கல் இருந்தது. சிமெண்டைப் பற்றி லூர்துசாமிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருக்கதவைக் கழற்றி ஓரமாகச் சாத்தினார்கள். இருந்த இடத்தில் சுவர் எழும்பியது. காசு வாங்கிக்கொள்ள நடுவில் சாப்பாட்டுத் தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம். வெளிப்பக்கம் சாக்பீஸால் பெரிதாகத் தலைப்பு எழுதினார்கள்:

'இடது பக்கமாகப் படுத்தால் என்ன ஆகும்?'

அதன் கீழே: 'மேற்கொண்டு படிக்க ஒரு ரூபாய்.'

"ஜன்னல் வழியா எவனாவது எட்டிப் படிச்சா?" என்று கேட்டார் பூவராகன். பீரோவை நகர்த்தி ஜன்னலை அடைத்தார்கள்.

"சமையலறைப் பக்கமா வந்து ஓசியில படிச்சா?"

அதுவும் நியாயம். உள்வாசலிலும் ஒரு சுவர் வைப்பது என்று முடிவானது. எந்தப் பக்கம் நின்று கட்டுவது என்பதில்தான் கொஞ்சம் விவாதம்.

"ப்ளாக் எங்க இருக்கு?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

"உள்ள."

"ப்ளாக்கை விட்டுட்டு நாம வெளியே நிக்கறதா?"

உள்ளே நின்றே கட்டினார்கள். அந்த அறையோடு ஒட்டி ஒரு குளியலறை இருந்தது. இல்லையென்றால் இந்தக் கதையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் மதியம் மங்களேஸ்வரி வந்து இறங்கினாள். வாசலில் நின்றாள். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். துவாரத்தில் குனிந்து, "ஏங்க?" என்றாள்.

"பாஸ்வேர்ட்?" என்றது சுவர்.

"என்னது?"

"கண்டவன் வந்து பேசக் கூடாதுன்னு வெச்சிருக்கோம். 'கொட்டாவி'ன்னு சொல்லணும். நீ வீட்டு மனுஷிங்கறதால சொல்றேன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "கொட்டாவி" என்றாள்.

"வா, மங்களம். நேத்துலேருந்து சாப்பிடலை. ரசமாவது வை."

மங்களேஸ்வரி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. தலைப்பைப் படித்தாள். சந்து வழியாகச் சமையலறைக்குப் போய், சமைத்து, மூன்று தட்டோடு திரும்பி வந்தாள்.

"சாப்பாடு ஆளுக்கு நாப்பது ரூபா. காசு கட்டினாத்தான் கிடைக்கும்."

"சரிதானே," என்றது பூவராகன் குரல், மரியாதையாக. "அண்ணிக்கு சிஸ்டம் புரிஞ்சிடுச்சு."

ரூபாய் வெளியே வந்தது. தட்டு உள்ளே போனது. ரசத்தை உறிஞ்சும் சத்தம் ஓய்ந்ததும் ஞானசிகாமணி துவாரத்துக்கு வந்தார்.

"மங்களம், உன் கையில என்ன?"

"நூத்தி இருபது ரூபா."

"எதனால வந்துச்சு?"

அவள் சுவரைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "எல்லாம் இந்தப் பாழாப்போன ப்ளாகாலதான்."

"ஆடி பிறந்துடுச்சா?"

"இன்னும் இல்லை."

"அப்போ ரூம் எங்களுக்கு!"

உள்ளே கைதட்டினார்கள். மங்களேஸ்வரி சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "ரூம் உங்களுக்கேதாங்க. வாசல் எனக்கு." கிரைண்டரை இழுத்துவந்து, உபயோகமற்றுப் போன வாசலில், தலைப்புக்குக் கீழேயே வைத்தாள். ஒரு மணி நேரத்தில் ஒரு குண்டான் மாவும் தீர்ந்தது. வாங்கிய ஒவ்வொருவரும் இடது பக்கமாகப் படுத்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். யாரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை.

இதற்கிடையில் விஷயம் தெரிந்து, பூவராகனின் மகன் கொத்தனார் இருளப்பனை அனுப்பிவைத்தான். இருளப்பன் கடப்பாரையைச் சுவரில் வைத்து ஒரு இடி இடித்தார். உள்ளே மூன்று தொண்டையும் ஒரே நேரத்தில் கிழிந்தது.

"ஹேக்கர்! ஹேக்கர் வந்துட்டான்!"

"யோவ், உங்களை வெளியே எடுக்கத்தான்யா வந்திருக்கேன்!"

"எல்லா ஹேக்கரும் இப்படித்தான் சொல்லுவான்! லூர்து, துவாரத்தை அடை! சிகாமணி, பாஸ்வேர்டை மாத்து!"

சுலைமான் பாயின் தலையணை துவாரத்தில் வந்து உட்கார்ந்தது. இருளப்பன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, மாவு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் மங்களேஸ்வரி காபி கொண்டுபோனாள்.

"கொட்டாவி," என்றாள் தலையணையிடம்.

"தப்பு."

"மத்தியானம் இதானே சொன்னேன்?"

"மாத்திட்டோம் அண்ணி. ஹேக்கர் வந்தான்."

"புதுசு என்ன?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் அது பாஸ்வேர்டே இல்லையே."

"காபி ஆறுதுண்ணே."

உள்ளே குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். தலையணை கொஞ்சம் விலகியது. காபி வாசனை போயிருக்க வேண்டும். பூவராகன் குரல் இளகியிருந்தது. "இதுக்கு ஒரு வழி இருக்கு அண்ணி. 'மறந்துட்டேன்'னு சொல்லுங்க."

"தெரியாததை எப்படிண்ணே மறக்கறது?"

"சும்மா சொல்லுங்க."

"மறந்துட்டேன்."

உள்ளே கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "புது பாஸ்வேர்டை மெயில்ல அனுப்பியாச்சு. பாத்துக்கோங்க."

"மெயிலை எங்க பாக்கறது?"

"கம்ப்யூட்டர்லதான்."

"கம்ப்யூட்டர் எங்க?"

"இங்க, உள்ளதான் இருக்கு. வந்து பாருங்க."

மங்களேஸ்வரி காபி டம்ளரோடு சுவர் முன்னால் நின்றாள். அப்போது ஞானசிகாமணி குரல் வந்தது, கண்டிப்பாக.

"மங்களம், உள்ள வர்றதுக்கு ஒரு ரூபா ஆகும். பொண்டாட்டின்னெல்லாம் பாக்க முடியாது."