பாசிச்சாறு விட்டுவைத்தவை

மரிய டெல்பின் தன் ஆசிரியரைவிட ஆறு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்திக்கொண்டே, பேராசிரியர் செய்யதம்மாளிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்தாள். பாம்பன் கரையில் எடுத்த பழுப்புக் கடற்பாசியை நிழலில் உலர்த்தி, அரைத்து, சாறு இறக்குவாள். ஆய்வுக்கூடத்துத் தட்டில் வளரும் புற்றுநோய் செல்களில் அதைச் சொட்டு விட்டுப் பார்ப்பாள்.

நாலாம் வருஷம் பலன் தெரிந்தது. பத்துக்கு ஒன்பது செல்கள் செத்துக் கிடந்தன.

அதே வாரம், செய்யதம்மாளின் மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று உறுதியானது.

டெல்பினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாற்றை ஒரு குப்பியில் அடைத்து, கைப்பையில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள்.

செய்யதம்மாள் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நிறம் நல்லா இறங்கியிருக்கே!"

"குடிச்சிருங்க மேடம். பத்துக்கு ஒம்பது போயிருச்சு."

"நாளைக்கு ஒண்ணு செய்யுங்க. அதே செல்லுல, கை கழுவுற சோப்புத் தண்ணி ஒரு சொட்டு விடுங்க."

எதற்கென்று டெல்பினுக்குப் புரியவில்லை. ஆனாலும் விட்டாள். மறுநாள் மாலை திரும்பி வந்தாள்.

"பத்தும் செத்துப்போச்சு மேடம்."

"அப்ப எனக்குச் சோப்புத் தண்ணி கொண்டாந்திருக்கீங்களா?"

டெல்பினின் முகம் சுண்டிப்போனது.

"அப்ப நாலு வருஷமும் வீணா மேடம்?"

"செத்ததை எண்ணுனீங்க. நல்ல செல்லுல விட்டு, பிழைச்சதை எண்ணுனீங்களா?"

எண்ணவில்லை.

நல்ல செல்களை வரவழைத்து, வளர்த்து, மூன்று முறை சோதித்து முடிக்க இரண்டு மாதமானது. அதற்குள் செய்யதம்மாளுக்கு கீமோ தொடங்கிவிட்டது. தலையில் முக்காடு, அதன் கீழே முடியில்லை. கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

டெல்பின் கட்டிலருகே வந்து தரையைப் பார்த்து நின்றாள்.

"நல்ல செல்லுலயும் நாலு செத்துப்போச்சு மேடம். நீங்க மட்டும் அன்னைக்குக் குடிச்சிருந்தா..."

"எத்தனைக்கு நாலு?"

"பத்துக்கு."

"அதே அளவு சாறுதானே?"

"அதே அளவுதான்."

செய்யதம்மாள் தலையணையை நிமிர்த்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். கண்ணில் அசதி இருந்த இடம் தெரியவில்லை.

"அங்க ஒண்ணு பிழைச்சுது. இங்க ஆறு பிழைச்சிருக்கு! சோப்புக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?"

டெல்பினால் சந்தோஷப்பட முடியவில்லை.

"இது மருந்தாக எத்தனை வருஷம் ஆகுமோ? அதுவரைக்கும் நீங்க..."



செய்யதம்மாள், ஊசி குத்தாத கையை அவள் முன்னால் நீட்டினார்.

"நாலு ஏன் செத்துச்சுன்னு நீங்க பாருங்க. ஆறு ஏன் தப்பிச்சுதுன்னு நான் இங்க படுத்துக்கிட்டே யோசிக்கிறேன். பேனா இருந்தாக் கொடுங்க."