பொழி வெட்டிய காலை

அது ஒரே நாளில் ஓடி முடிகிற ஆறு. விடியலில் மலையில் பெய்த மழை, பொழுது சாய்வதற்குள் கடலோரம் வந்துவிடும். அங்கே, கோடை முழுக்க அலை ஒதுக்கிய மணல்மேடு ஆற்றின் வாயை அடைத்துக் கிடக்கும். அந்த வாயைப் பொழி என்பார்கள்.

பொழிக்கு இந்தப் பக்கம் பகவதியம்மையின் குடில். அந்தப் பக்கம் பஸ் போகும் சாலை.

சிவதாணு பையோடு மணல்மேட்டைக் கடந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது தாண்டி அம்மையிடம் வந்து சேர்ந்த சீடர். இத்தனை வருஷம் தியானத்தில் உட்கார்ந்தும் மனசு திறக்கவில்லை. ஊருக்கே போய்விடுவோம் என்று ராத்திரியே முடிவு செய்திருந்தார்.

"அண்ணாச்சி!"

அம்மை அவரைவிட இளையவர். தோளில் இரண்டு மண்வெட்டிகள்.

"ஆறு ஏறுது. வயல் முங்குறதுக்குள்ள பொழியை வெட்டணும்."

"நான் போறேன் அம்மை."

"போங்க. வெட்டிட்டுப் போங்க."

பையைச் சாலைப் பக்கம் வைத்துவிட்டு, ஆற்றோரத்தில் வெட்டினார். வெட்ட வெட்ட நீர் புகுந்து மணல் சரிந்தது.

"என் தியானம் மாதிரியே இருக்கு," என்று முனகினார்.

"கடல் பக்கமிருந்து வெட்டிட்டு வாங்க. ஆத்தைக் கடைசியில தொடலாம்."

"எவ்வளவு அகலம்?"

"உங்க மண்வெட்டி அகலம்."

"இவ்வளவு பெரிய ஆத்துக்கா?" அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெட்டி முடித்து, ஆற்றை மறித்த கடைசி மண்ணை உடைத்தார். கயிறு கனத்தில் நீர் நெளிந்து கடலுக்குப் போயிற்று. அம்மை சாலைப் பக்கம் ஏறி, பைக்கு அருகே உட்கார்ந்துகொண்டார்.

"இவ்வளவுதானா? இதுக்கா இடுப்பொடிய..."

சிவதாணு சொல்லி முடிக்கவில்லை. ஓரம் தொப்பென்று விழுந்தது. இன்னொரு ஓரம். நீர் முழங்காலைப் பிடித்து இழுத்தது. வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நடுவில் நின்று வாய்விட்டுச் சிரித்தார்.

"அம்மை, இதை வெட்டினது நானா, ஆறா?"

"முதல்ல கரையேறுங்க அண்ணாச்சி!"

தாவி ஏறினார். மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தார். வீட்டகலத்துக்கு ஆறு புரண்டு ஓடியது. அம்மையும் பையும் எதிர்க்கரையில். சிவதாணுவின் முதுகுக்குப் பின்னால் குடில்.

இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

"எந்தக் கரைன்னு நீங்க சொல்லலையே, அம்மை!"

அம்மை பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"நீங்களும் கேக்கலையே, அண்ணாச்சி!"