ஓவர்சியருக்குக் கறிவிருந்து

ஊமத்தம்பட்டி முன்னேற்ற மன்றத்தில் மொத்தம் மூன்றே பேர். தலைவர் சடையாண்டி, செயலாளர் வேம்புலி, பொருளாளர் ஒச்சப்பன். உறுப்பினர் என்று யாரும் கிடையாது. பதவி தீர்ந்துபோனதால் வேறு யாரும் சேரவில்லை.

ஊருக்கு இருந்தது ஒரே ஒரு வண்டிப்பாதை. அதைத் தார் ரோடாக்கலாமா என்று பார்த்து எழுத ஓவர்சியர் வருவதாகத் தகவல் வந்தது. கறிச்சோறு போட்டால் அவர் பேனா தானாக ஓடும் என்று மன்றம் நம்பியது. பெரிய மனிதருக்கு இளசான ஆட்டைப் போடுவது மரியாதை இல்லை என்பதால், இருப்பதிலேயே வயதான கிடாவாகத் தேடிப்பிடித்து, வெட்டச் சொல்லி, மூன்று கிலோ வாங்கினார்கள்.

கறிக்கடை மஸ்தான் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "இது லேசுல வேகாதுப்பா. கிலோவுக்கு ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா தூவி, கால் மணி நேரம் கை படாம வைங்க. அப்புறம் நல்லா கழுவிட்டுக் குழம்பு வைங்க. பஞ்சா வெந்துடும்."

மன்றம் அவசரமாகக் கூடியது.

"ஆப்ப சோடா போட்டு, கறி ஆப்பமாயிட்டா?" என்று கேட்டார் ஒச்சப்பன்.

எதற்கும் இருக்கட்டும் என்று தேங்காய்ப்பால் பிழிந்து வைத்தார்கள்.

"கிடா முப்பது கிலோ இருந்துச்சு. அப்ப முப்பது ஸ்பூன்," என்றார் வேம்புலி.

"நாம வாங்கினது மூணு கிலோதானே?"

"அது நமக்குத் தெரியும். கிடாவுக்குத் தெரியுமா?"

முப்பது ஸ்பூன் விழுந்தது. மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காவல் நின்றார்கள். தெருநாய் ஒன்று வந்து நிதானமாகப் பாதிக் கறியைத் தின்றது.

"விரட்டலாமா தலைவரே?"

"கை படக்கூடாதுன்னுதானே பாய் சொன்னார்? அது வாயாலதான் தின்னுது," என்றார் சடையாண்டி. நாய் மீது தவறில்லை என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று.

மிச்சக் கறியை 'நல்லா' கழுவ வேண்டும் அல்லவா? துணி துவைக்கும் சோப்புத்தூளைப் போட்டுக் கழுவினார்கள்.

ஓவர்சியர் வந்தார். பசியோடு ஒரு பெரிய கவளத்தை வாயில் போட்டு மென்றார். கடைவாயில் நுரை தள்ளியது.

"பாருங்க, சார் வாயில போனதுமே பொங்குது!" என்று பூரித்தார் வேம்புலி.

"அடப் பாவிகளா! இந்த ஊருக்கு வழியே இருக்கக் கூடாதுய்யா!" என்று கத்திவிட்டு ஓவர்சியர் அடிபம்புக்கு ஓடினார்.

மன்றத்துக்கு மனசே இல்லை. ஆனாலும் சர்க்கார் உத்தரவு. மண்வெட்டி, கடப்பாரைகளோடு கிளம்பினார்கள்.

ஒரு மணி நேரம் வாய் கொப்பளித்துவிட்டு ஓவர்சியர் பைக்கை எடுத்தார். ஊர் எல்லையில், பாதைக்குக் குறுக்கே இடுப்பளவு பள்ளம். உள்ளே குனிந்த மூன்று தலைகள்.

"நான் எப்படிய்யா வீட்டுக்குப் போவேன்?" என்று அலறினார்.

மூவரும் பள்ளத்துக்குள்ளேயே கூடிப் பேசினார்கள். கடைசியில் தலைவர் மண் அப்பிய கையால் சலாம் வைத்தார்.

"நீங்க போறதைப் பத்தி உத்தரவுல ஒண்ணுமே இல்லையே, சார்?"