மணி அடிக்காத போன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அதன் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவள் தமயந்தி. கம்பெனிக் கணக்கெல்லாம் ஓடுகிற மூன்று சர்வர் கம்ப்யூட்டர், ஒரு ஏசி, மேஜைமேல் ஒரு போன். அந்தப் போன் அடித்து யாரும் கேட்டதில்லை. எதையும் கெட்டுப்போக அவள் விட்டால்தானே யாராவது கூப்பிடுவார்கள்!

அவளிடம் வேலை கற்க வந்தவர் சென்னியப்பன். தையல் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவர், வயதில் அவளுக்கு அப்பா மாதிரி. கேன்டீனில் அவரை 'சிஷ்யப்பிள்ளை' என்றே கிண்டல் செய்தார்கள்.

ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அன்று மட்டும்தான் அந்த அறைக்குள் கூட்டம் வரும். பக்தியைப் பாருங்கள், சர்வருக்குக் காற்றுப் போகிற துளைகள்மேலேயே சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டார்கள். போன மாதம் படுத்துவிட்ட சாயப்பட்டறைக் கம்ப்யூட்டரை ஓடவைத்த ரிப்பேர்க்காரருக்கு முதலாளி சால்வை போர்த்தினார். தமயந்திக்கு ஒரு பொட்டலம் பொரி.

கூட்டம் போனதும் அவள் மாலைகளைக் கழற்றிவிட்டுச் சந்தனத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். சென்னியப்பன் துணியைத் தொடவில்லை.

"அந்த ரிப்பேர்க்காரர் என்னை வேலைக்குக் கூப்பிடறாருங்க அம்மிணி. நாளையில இருந்து போயிரலாம்னு இருக்கேன்."

"ஏனுங்ணா?"

"இங்க நாம இருக்கறதே ஒருத்தருக்கும் தெரியலீங்களே! ஒருக்கா இந்த மெஷின் நின்னு விழட்டும். அப்பத்தான் நம்ம அருமை தெரியும்."

அவள் கோபப்படவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு முதல் சர்வரைத் தொட்டுக் காட்டினாள்.

"சரி. எதை விழ விடலாம்னு நீங்களே சொல்லுங்க. இதுல சனிக்கிழமை சம்பளம் இருக்கு."

"ஐயோ, அது வேண்டாமுங்க. தையல் பொம்பளைங்க தவிச்சுப் போயிருவாங்க."

"இது? தூத்துக்குடி போற சரக்கு பில்லெல்லாம்."

"லாரி நின்னு போகுமுங்க. வேண்டாம்."

"அப்ப இதுதான் பாக்கி. நைட் ஷிப்ட் பொண்ணுங்களை வீட்ல விடற வண்டிங்க விவரம்."

அவர் துணியை எடுத்துத் துடைத்தார்.

துடைத்துக்கொண்டே கேட்டார். "உங்களுக்கு வருத்தமே இல்லீங்களா அம்மிணி?"

"இருக்குதுங்ணா. பேச்சுத்துணைக்கு ஆளில்லாம சில நாள் அழுகையே வரும்."

சொல்லிவிட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். திரும்ப வைத்தாள். தினமும் அவள் இப்படிச் செய்வதை அவர் பார்த்திருக்கிறார்.

"யாருக்குங்க போன்?"

"யாருக்கும் இல்லீங்ணா. மணி அடிக்கலைன்னா எல்லாரும் நல்லா இருக்காங்களா, இல்ல போன்தான் செத்துப்போச்சான்னு தெரியணுமில்ல?"

சென்னியப்பன் துணியை வைத்துவிட்டு வெளியே போனார். நாளைக்கு வருவாரா என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தனியாக நின்று மிச்சத்தைத் துடைத்தாள்.

போன் அடித்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய் எடுத்தாள்.

"என்ன ஆச்சு? எது நின்னுபோச்சு?"

"நான் சென்னியப்பனுங்க, வாட்ச்மேன் ரூம்ல இருந்து. ஒண்ணும் ஆகலீங்க அம்மிணி. எல்லாம் நல்லா ஓடுது. அதைச் சொல்லலாம்னுதான்."

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நேர்ல வந்து சொல்லுங்ணா."